கதவைத் தட்டுபவர் தெரிந்தவராக இருந்தால்?

கேள்வி:

மேடம், மண்டபம் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறார். போனால் மறுநாள்தான் கரை. நான் நண்டு கம்பெனியில் சதை எடுக்கும் வேலைக்குப் போகிறேன். மகள் ஆறாவது, மகன் இரண்டாவது. இத்தனை நாள் மாமியார் கூட இருந்ததால் கவலை இல்லை. இப்போது அவர் கொழுந்தனார் குடும்பத்தோடு ராமநாதபுரம் டவுனுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் வரும்வரை தனியாகத்தான் இருக்கிறார்கள். வழக்கமாக ஆறு மணிக்கு வந்துவிடுவேன். சரக்கு அதிகம் வந்தால் எட்டு மணிகூட ஆகிவிடும். வேலை செய்யும் இடத்துக்குள் போன் கொண்டுபோக விட மாட்டார்கள்.

'யார் வந்தாலும் கதவைத் திறக்காதே, பிள்ளை பிடிக்கிறவன் சுத்துறான்' என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தேன். போன மாதம் ஒருநாள் நான் வந்தபோது, முன்பு வீட்டுக்காரரோடு ஒரே படகில் போனவர் உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வலை நூல் கேட்டு வந்தாராம். மகள்தான் டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவர் போனதும் ஆத்திரத்தில் அவளை அடித்துவிட்டேன். அன்றிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. மகனோ பையை எறிந்துவிட்டுக் கடற்கரைக்கு ஓடிவிடுகிறான். அக்கா சொன்னால் கேட்பதில்லை. 'பிள்ளைகளை அநாதையா விட்டுட்டு அப்படி என்ன சம்பாத்தியம்' என்கிறார் நாத்தனார். வேலையை விட்டால் கடன் கட்ட முடியாது. பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது, எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

– பெயர் வேண்டாம், மண்டபம்

பதில்:

சகோதரி, பூட்டு, கொண்டி, போன் நம்பர் எல்லாம் அப்புறம். முதலில் உங்கள் மகள் பேசாமல் இருக்கிறாளே, அதைப் பார்ப்போம். கடிதம் முழுவதிலும் என்னை உறுத்தியது அந்த ஒரு வரிதான்.

அன்று அவள் என்ன செய்தாள்? வந்தவர் அப்பாவோடு தொழில் செய்தவர், ஊர்க்காரர், சின்ன வயதிலிருந்து பார்த்த முகம். அப்படி ஒருவர் வாசலில் வந்து நின்றால் 'வாங்க' என்று சொல்லி, உட்கார வைத்து, குடிக்க ஏதாவது கொடுப்பதுதான் நம் பக்கத்துப் பழக்கம். அதை அவள் உங்களிடமும் அப்பத்தாவிடமும் பார்த்துக் கற்றவள். 'யார் வந்தாலும் திறக்காதே' என்று நீங்கள் சொன்னபோது அவள் மனதில் வந்து நின்றது சாக்குப்பை தூக்கிக்கொண்டு வரும் யாரோ ஒரு பிள்ளை பிடிக்கிறவன். இவர் அவனில்லையே? திறந்துவிட்டாள். வீட்டுக்கு வந்தவரை மதிக்க வேண்டும், கதவைத் திறக்கக் கூடாது என்று இரண்டையும் சொல்லிக் கொடுத்தீர்கள். இரண்டும் ஒரே வாசலில் வந்து மோதினால் எதை விடுவது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அடி மட்டும் அவளுக்கு விழுந்தது.

இன்று ராத்திரி, தம்பி தூங்கின பிறகு, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். 'அன்னைக்கு நான் அடிச்சது தப்பு, தாயி. நீ மரியாதையாத்தான் நடந்துக்கிட்ட. தனியா இருக்கும்போது என்ன செய்யணும்ண்டு நான்தான் உனக்குச் சொல்லிக் குடுக்கல' என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு உடனே அறிவுரையை ஆரம்பித்துவிடாதீர்கள். அவள் அழுதால் அழட்டும். கொஞ்ச நேரம் கழித்து, 'அன்னைக்கு அவுக வந்ததுல இருந்து நான் வர்ற வரைக்கும் என்ன நடந்துச்சுண்டு சொல்றியா?' என்று கேளுங்கள். அவ்வளவுதான் கேள்வி. 'கைய கிய்ய வச்சானா?' என்று எடுத்த எடுப்பில் கேட்டால் எந்தப் பிள்ளையும் 'இல்ல' என்றுதான் தலையாட்டும், நடந்திருந்தாலும் சரி, நடக்காவிட்டாலும் சரி.

அந்த மனிதர் மேல் நான் சந்தேகப்படவில்லை. வலை நூல் கேட்டு வந்தவர் டீயைக் குடித்துவிட்டுப் போயிருப்பார், பெரும்பாலும் அவ்வளவுதான் இருக்கும். ஆனால் ஒரு கிளாஸ் டீ கொடுத்ததற்கே அடி விழுந்த வீட்டில், நாளைக்கு அதைவிடப் பெரிதாக ஒன்று நடந்தால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? நீங்கள் எத்தனை பாதுகாப்புப் பாடம் சொல்லிக் கொடுத்தாலும், 'என்ன நடந்தாலும் அம்மாகிட்ட சொல்லலாம், அடி விழாது' என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் எதுவும் நிற்காது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இனி உங்கள் நாத்தனார் கேட்டது. எத்தனை வயதில் பிள்ளையை வீட்டில் தனியாக விடலாம் என்று நம் நாட்டுச் சட்டம் ஒரு வயதைக் குறித்து வைக்கவில்லை. அது பிள்ளையையும் வீட்டையும் அக்கம்பக்கத்தையும் பொறுத்தது. பதினொரு வயதுப் பிள்ளை, வெளிச்சம் இருக்கும்போது, கூப்பிட்டால் ஓடிவர ஆள் இருக்கிற தெருவில், ஒரு மணி ஒன்றரை மணி நேரம் தனியாக இருப்பதில் தவறில்லை, பழக்கிவிட்டிருந்தால். ஆனால் அதே பிள்ளை இருட்டிய பிறகு எட்டு மணிவரை, ஏழு வயதுத் தம்பியையும் பார்த்துக்கொண்டு இருப்பது சரியில்லை. இதை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். தம்பி கடற்கரைக்கு ஓடினால் அதற்கும் அவளையே திட்டுகிறீர்களா என்று தெரியவில்லை. திட்டினால் நிறுத்திவிடுங்கள். அவனைப் பெற்றவர்கள் நீங்கள் இரண்டு பேரும்தான்.

அதனால் சாயங்கால நேரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். விளக்கு வைக்கிற நேரம்வரை வீட்டில் இருக்கலாம். அதற்குள் அம்மா வராவிட்டால் இருவரும் கதவைப் பூட்டிக்கொண்டு இன்ன வீட்டுக்குப் போய்விட வேண்டும். 'அம்மாவுக்கு எப்ப வேலை முடியும்' என்று யோசித்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. விளக்குப் போட்டால் கிளம்பிவிட வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் கடிகாரத்தைவிட வெளிச்சமே நல்ல கணக்கு.

அந்த 'இன்ன வீடு' எது என்பதைத்தான் நிதானமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறது, சொந்தம் என்பது மட்டும் போதாது. அந்த நேரத்தில் அங்கே யார் யார் இருப்பார்கள், குடிக்கிறவர் உண்டா, பெரிய பையன்களும் அவர்கள் கூட்டாளிகளும் வந்து போவார்களா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் மகளுக்கு அங்கே போகப் பிடிக்கிறதா என்று கேளுங்கள். 'அந்த வீடு வேண்டாம்' என்று அவள் சொன்னால் காரணம் சொல்லாவிட்டாலும் விட்டுவிடுங்கள். உங்களோடு நண்டு எடுக்கும் பெண்களில் யாராவது ஒருவர் வீட்டில் வயதான அம்மா இருப்பார். நாலைந்து பேர் சேர்ந்து உங்கள் பிள்ளைகள் எல்லோரையும் அந்த ஒரு வீட்டில் விட்டு, அந்த அம்மாவுக்கு மாதம் ஏதாவது கொடுக்கலாம். உங்கள் தெருவில் இல்லம் தேடிக் கல்வி வகுப்பு இன்னும் நடந்தால் அதுவும் உதவும். சாயங்கால நேரம் அதிலேயே போய்விடும்.

பிள்ளை பிடிக்கிறவன் கதையை இனிமேல் சொல்ல வேண்டாம். அந்தக் கதை பெரியவர்களையே என்ன பாடு படுத்தியது என்று பார்த்தோம். 2018 மே மாதம், வாட்ஸ்அப்பில் பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று வதந்தி சுற்றிக்கொண்டிருந்தபோது, திருவண்ணாமலை மாவட்டத்தில் சாமி கும்பிட வந்த ஒரு மூதாட்டியை, வழியில் பார்த்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த பாவத்துக்கு ஊர் கூடி அடித்தே கொன்றுவிட்டது. நம் பக்கம் ராமேசுவரம் யாத்திரைக்கு வடக்கேயிருந்து ஆட்கள் வருடம் முழுக்க வந்துகொண்டே இருக்கிறார்கள். முகம் தெரியாதவர் எல்லாம் திருடன் என்று பிள்ளை நினைக்க ஆரம்பித்தால், கூட்டத்தில் தொலைந்துபோகிற அன்று யாரிடம் போய் உதவி கேட்கும்?

ஆபத்து பெரும்பாலும் முகம் தெரியாதவரிடமிருந்து வருவதில்லை என்பதும் தெரிந்த விஷயம்தான். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளிடம் தவறாக நடந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள், பிள்ளை நம்பியிருந்தவர்கள். பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கும் மேல் ஆண் பிள்ளைகள். இந்தக் கடைசி வரியை உங்கள் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள். 'ஆம்பளப் பிள்ளைதானே, எங்கயும் போய்ட்டு வரட்டும்' என்று நாம் விட்டுவிடுகிறோம்.

ஆகவே ஆளைப் பார்த்துப் பயப்படச் சொல்வதைவிட, செயலைப் பார்த்து எச்சரிக்கையாகச் சொல்லிக் கொடுங்கள். அம்மாவிடம் சொல்லாமல் வா என்று கூப்பிடுகிறவர், ஏதாவது கொடுத்துவிட்டு 'யார்ட்டயும் சொல்லாத' என்கிறவர், உடம்பைத் தொடுகிறவர் அல்லது தன் உடம்பைத் தொடச் சொல்கிறவர், போனில் அசிங்கமான படம் காட்டுகிறவர். இவர் யாராக இருந்தாலும், மாமா, சித்தப்பா, வாத்தியார், அண்ணன், பக்கத்து வீட்டு அக்காகூட, அங்கிருந்து கிளம்பி வந்து உங்களிடம் சொல்ல வேண்டும்.

இப்போது கதவு. இதை வாயால் சொல்லிப் பயனில்லை, நடித்துப் பழக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்களே வெளியே போய்க் கதவைத் தட்டுங்கள். மகளும் மகனும் உள்ளே. கொண்டி போட்டிருக்க வேண்டும். ஜன்னல் வழியாகப் பேசட்டும்.

'பாப்பா, அப்பா வலை நூல் வாங்கியாரச் சொன்னாரு. கதவத் தொற.'

'அம்மா கை வேலையா இருக்காக மாமா. அப்பறமா வாங்க.'

'அட, நான் யாருண்டு தெரியலயா? உங்கப்பன் என் கூட்டாளி!'

'தெரியும் மாமா. அப்பா போன் போட்டுச் சொன்னாத்தான் தொறக்கணும்ண்டு சொல்லிருக்காக. கோவிச்சுக்காதீக.'

'என்ன பிள்ள வளத்துருக்கா உங்காத்தா, வாசல்ல நிக்க வச்சுப் பேசுற?'

இந்தக் கடைசி வரியைக் கட்டாயம் நடியுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில்தான் கொண்டியை எடுத்துவிடும். பயத்தினால் இல்லை, அம்மாவுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்ற கூச்சத்தினால். 'அவுக ஏசினா ஏசட்டும். உனக்குப் பதிலா நான் பேசிக்கிறேன்' என்று நீங்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். 'அம்மா இல்லை' என்று சொல்லக் கூடாது, 'கை வேலையா இருக்காக' என்று சொல்ல வேண்டும் என்றதும், பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்குவதா என்று சில பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. தன்னைக் காத்துக்கொள்ளச் சொல்லும் இந்த ஒரு பொய்யால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகாது. வேடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள். கரண்டுக்காரர், சீட்டுக்காரர், 'அம்மாவுக்கு அடிபட்டிருச்சு, ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாக' என்று மூச்சிரைக்க வருகிறவர். மகனும் ஒருமுறை வெளியே நின்று தட்டட்டும், சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வான்.

கடைசி வேடத்துக்கு மட்டும் இன்னொன்று தேவை. உங்கள் நாலு பேருக்கு மட்டும் தெரிந்த ஒரு குறிச்சொல். அவசரத்தில் நீங்கள் உண்மையிலேயே யாரையாவது அனுப்பினால் அந்தச் சொல்லைச் சொல்லி அனுப்புவீர்கள். சொல் தெரியாவிட்டால் யாரோடும் போகக் கூடாது. எதை வைப்பது என்பதை மகனிடம் விடுங்கள். ஏதாவது மீன் பேரைத்தான் சொல்வான். இருக்கட்டும். ஒருமுறை வெளியாள் வாயில் வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும்.

கதவுக்குள் வரலாம் என்கிற ஆட்கள் யார் என்று நாலு பேரும் உட்கார்ந்து பேர் சொல்லி முடிவு பண்ணுங்கள். 'மாமாமார் வரலாம்' என்றால் ஊரே மாமாதான். மூன்று பேர், நாலு பேர், அவ்வளவு போதும். இதில் பாதி வேலை உங்கள் வீட்டுக்காரருடையது. படகில் கூட வருகிறவர்களிடம் அவர் நேராகச் சொல்ல வேண்டும்: 'நான் இல்லாதப்ப வீட்டுப் பக்கம் போகாதீக. என்ன வேணும்னாலும் கரைக்கு வந்ததும் எங்கிட்ட கேளுங்க.' நல்ல மனிதர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்களே. பெரியவர்கள் செய்ய வேண்டிய காவலைப் பதினொரு வயதுப் பிள்ளை தலையில் கட்டிவிட்டு, அவள் சரியாகச் செய்யவில்லை என்று அடிப்பது நியாயமில்லை.

உடம்பைப் பற்றிப் பேசுவதற்கு நீங்கள் கூச்சப்படுவீர்கள். குளிக்க வைக்கும்போது மகனிடம் ஆரம்பியுங்கள், அதுதான் சுலபம். ஜட்டி மறைக்கிற இடத்தை யாரும் பார்க்கவோ தொடவோ கூடாது, டாக்டர் பார்த்தாலும் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சோப்புப் போட்டுக்கொண்டே சொல்லலாம். மகளிடம் இன்னும் கொஞ்சம் விவரமாக. அவள் வயதுக்கு வரும் பருவம். அதைப் பற்றிச் சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். ரகசியம் பற்றியும் சொல்லுங்கள். தம்பி பிறந்தநாளுக்கு வாங்கின சட்டையை நாளைவரை சொல்லாமல் இருப்பது சரி, நாளைக்குத் தெரிந்துவிடும். 'எப்பவுமே யார்ட்டயும் சொல்லக் கூடாது' என்று ஒரு பெரியவர் சொன்னால் அதை அன்றைக்கே உங்களிடம் சொல்லிவிட வேண்டும். வருகிற உறவுக்காரர் எல்லோருக்கும் முத்தம் கொடு, மடியில் உட்காரு என்று வற்புறுத்துவதையும் நிறுத்துங்கள். வணக்கமோ சலாமோ சொன்னால் போதும். பிடிக்காத மடியில் உட்கார வைத்துப் பழக்கிய பிள்ளை, வேறொரு நாளில் எழுந்து வராது.

மகனைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவனைப் பற்றித்தான் கவலை அதிகம். கடற்கரைப் பிள்ளை, நீச்சல் தெரியும் என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பக்கம் வடகடலும் தென்கடலும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பொங்கும், வடகடல் குளம் போலக் கிடக்கும். வாடை திரும்பினால் வடகடல் எழுந்துவிடும். போன மாதம் முழங்கால் தண்ணீரில் விளையாடிய இடம் இந்த மாதம் அப்படி இருக்காது. இது உங்கள் வீட்டுக்காரருக்கு அத்துப்படி, பிள்ளைக்குத் தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, அவர் வீட்டில்தான் இருப்பார். நாட்டுப்படகுகள் போவதால் உங்கள் கம்பெனிக்கு அப்போதும் நண்டு வரும். பிள்ளைகளுக்கும் முழு ஆண்டு விடுமுறை. அந்த நாட்களில் கடலைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது அவர் வேலையாக இருக்கட்டும்.

அதுவரைக்குமான சட்டம் இது: பெரியவர் இல்லாமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. கட்டியிருக்கும் வத்தையிலும் படகிலும் ஏறக் கூடாது. கூட்டாளி தண்ணீரில் தத்தளித்தால் இவன் குதிக்கக் கூடாது. இந்த மூன்றாவதை நன்றாகப் பதிய வையுங்கள். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளை இறங்கி இரண்டும் போவது கண்மாயிலும் ஊருணியிலும் கடலிலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. மூழ்குகிறவன் சினிமாவில் வருவதுபோலக் கையை ஆட்டிக் கத்த மாட்டான். பெரும்பாலும் சத்தமே வராது. வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும், அவ்வளவுதான். கரையில் எப்போதும் காலி கேனும் மிதவையும் கயிறும் கிடக்கும். மூடி போட்ட காலி கேனைத் தூக்கி எறி, கயிறு இருந்தால் எறி, பெரியவரைக் கத்திக் கூப்பிடு. காலி கேன் ஒரு ஆளைத் தாங்கும் என்பதை அப்பா தண்ணீரில் செய்து காட்டினால் அவன் மறக்கவே மாட்டான். கரையில் மீன் கூடை தூக்க, ஐஸ் உடைக்க என்று பத்து இருபது ரூபாய் கொடுத்துச் சின்னப் பையன்களைக் கூப்பிடுவார்கள். அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காசு கொடுத்துப் பழக்குகிற இடத்தில்தான் மற்றதும் ஆரம்பிக்கும்.

வீட்டுக்குள் அடுப்புதான் முக்கியம். நீங்கள் இல்லாதபோது அடுப்புப் பற்ற வைக்க வேண்டாம், டீயும்தான். பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போங்கள். காலையில் கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தம்பியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும் என்பதால் கதவு திறந்தே கிடக்கட்டும். புகார் சொல்ல 1906. வலைச் சாமானோடு டீசல் கேன் வீட்டில் வைத்திருந்தால் அதை வெளியே மாற்றுங்கள்.

போன் விஷயத்தில் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. உங்கள் போன் கம்பெனி வாசலோடு நின்றுவிடும், அப்பா போன் கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் டவர் போய்விடும். 'அம்மாவுக்குப் போன் போடு' என்பது உங்கள் பிள்ளைகளுக்கு உதவாது. எடுக்கக்கூடிய மூன்று பேர் நம்பரை இரண்டு பேரும் மனப்பாடம் பண்ண வேண்டும். சுவரிலும் எழுதி வையுங்கள். கூடவே 1098, அவசர உதவிக்கு 112. குழந்தைகளுக்கான 1098-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், பிள்ளையே பேசலாம். வீட்டில் வைப்பது பட்டன் போனாக இருந்தால் போதும். டச் போனைக் கொடுத்துவிட்டுப் போனால் கதவைப் பூட்டியும் வீட்டுக்குள் ஊர் உலகமே வந்துவிடும்.

வெளியே போகும்போது இரண்டு விஷயம். பஸ் நிறுத்தத்திலிருந்து வரும் குறுக்குப்பாதை கருவேலங்காட்டு வழியாக இருந்தால் தனியாக அந்தப் பக்கம் வேண்டாம். கூட்டாகத்தான் வர வேண்டும், கூட்டு இல்லாத நாளில் ரோட்டுவழி சுற்றி வரட்டும். தெரிந்த ஆள் வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னாலும் குறிச்சொல் இல்லாமல் ஏறக் கூடாது. இரண்டாவது ரோடு. ராமேசுவரம் நெடுஞ்சாலையில் சுற்றுலா வண்டிகள் பறக்கின்றன. பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையால் வண்டி என்ன வேகத்தில் வருகிறது என்று சரியாகக் கணிக்க முடியாது. அது கவனக்குறைவு இல்லை, அந்த வயதின் மூளை அப்படி. மகன் பெரியவர் கையைப் பிடிக்காமல் அந்த ரோட்டைக் கடக்கவே கூடாது.

ஏர்வாடிச் சந்தனக்கூடு, ஆடி அமாவாசை மாதிரிக் கூட்டத்தில் தவறிப்போனால் தேடி அலையக் கூடாது, நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். போலீஸ் கண்ணில் பட்டால் அவரிடம், இல்லாவிட்டால் கைப்பிள்ளையோடு இருக்கும் ஒரு அம்மாவிடமோ கடைக்காரரிடமோ உதவி கேட்கலாம். உங்கள் பேரையும் அப்பா பேரையும் ஊரையும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். 'உங்கம்மா பேரென்ன?' என்றால் 'அம்மா' என்று சொல்கிற இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மகளோ மகனோ என்றைக்காவது உங்களிடம் வந்து ஏதாவது சொன்னால் என்ன செய்வது? நம்புங்கள். 'நீ ஏன் அங்க போன?' என்று கேட்காதீர்கள். 'சொன்னியே, நல்லது. உம் மேல தப்பில்ல' என்று சொல்லுங்கள். அந்த ஆள் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட வேண்டாம். ஊர்க்கூட்டம், சங்கம், ஜமாத் என்று பேசி முடிக்கவும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012-ன்படி, பாதிக்கப்பட்ட பிள்ளை பதினெட்டு வயதுக்குட்பட்ட ஆண், பெண் யாராக இருந்தாலும் இது வழக்காக வேண்டிய குற்றம். தெரிந்தும் புகார் கொடுக்காமல் மறைப்பதே தண்டனைக்குரியது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பிள்ளையை நிறுத்த வேண்டுமே என்ற பயம் வேண்டாம். பிள்ளை இருக்கும் வீட்டுக்கோ, பிள்ளை சொல்லும் இடத்துக்கோ வந்து, சீருடை இல்லாமல், முடிந்தவரை பெண் உதவி ஆய்வாளர்தான் வாக்குமூலம் வாங்க வேண்டும். ராத்திரியில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பேரையும் அடையாளத்தையும் பத்திரிகை வெளியிடக் கூடாது. பெண் பிள்ளையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். புகார் பதிவாகும் முன்பேகூட ஆஸ்பத்திரிக்குப் போகலாம். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1098-க்குப் பேசுங்கள், அங்கிருந்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு எடுத்துப் போவார்கள்.

கம்பெனிக்கு வருகிறேன். நிறையப் பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டிவிட்டதால் அதை வைத்து நீங்கள் எதுவும் கேட்க முடியாது. ஆனால் கேட்டில் ஒரு போன் இருக்கும். பிள்ளைகளிடமிருந்து அழைப்பு வந்தால் உள்ளே ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும், ஐந்து மணிக்கு மேல் சரக்கு வருவது தெரிந்ததுமே அன்று தாமதமாகும் என்று உங்களிடம் சொல்லி, கேட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு போன் போட விட வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிற மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். அந்தக் கேட் நம்பர்தான் உங்கள் வீட்டுச் சுவரில் முதலாவதாக இருக்க வேண்டும்.